எங்கே நிற்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

அந்தமானுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெட்டியை வண்டியில் ஏற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: "எல்லாம் கிடைச்சிடுமா?" எல்லாம் என்றால், உலகத்தில் இந்தத் தீவுகளில் மட்டுமே வாழ்கிற பறவைகள். கையில் பட்டியல் இருக்கும். சிலர் அதை லேமினேட் செய்தே கொண்டுவருவார்கள். நான் வாங்கிப் பார்ப்பேன், திருப்பிக் கொடுப்பேன். என் மண்டைக்குள் ஓடுகிற கணக்கு வேறு. நாளைக்குக் காலையில் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, நேற்றிரவு ஷோல் பே பக்கம் மழை பெய்ததா, சிடியா டாப்பு சாலையில் எந்த ஆலமரம் பழுத்திருக்கிறது. பட்டியலில் இதெல்லாம் இருக்காது.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து போர்ட் பிளேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாய் இன்னும் பழகவில்லை, பழைய பெயரையே எழுதுகிறேன். நான் பிறந்தது இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பக்கத்து வீட்டில் வங்காளி. படிப்பு ஏறவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எண்பதுகளின் கடைசியில் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஜீப் ஓட்டப் போனதுதான் தொடக்கம். அவர்கள் காட்டுக்குள் போய்விட்டால் மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் தூக்கம் வரவில்லை, இறங்கிப் பின்னாலேயே போனேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு வழிகாட்டி சாலிம் அலியும் ரிப்ளியும் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள்தான். அதிலும் அந்தமான் பறவை பலவற்றுக்குத் தனி இடம் இல்லை. மெயின்லேண்டில் இருக்கும் ஏதோ ஒரு பறவையின் தீவு வகை என்று ஒரு பத்தியோடு முடிந்துவிடும். அதற்கும் முன்னால் என்றால், 1873-இல் இங்கே கப்பலில் வந்து சுற்றிய ஆலன் ஆக்டேவியன் ஹியூமின் குறிப்புகள். பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான். அவர் துப்பாக்கியால் சுட்டுத் தோலை உரித்துப் பெட்டியில் அடைத்து, பிறகு நிதானமாக அடையாளம் கண்டார். நாங்கள் பறவையை உயிரோடு மரத்திலேயே விட்டுவிட்டு அடையாளம் காண வேண்டும். எங்கள் தொழிலின் சிரமம் அவ்வளவும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

தீவில் பறவை வகை குறைவு. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் ஒரு மரங்கொத்தியைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெயர்களை மனதில் ஓட்ட வேண்டும். இங்கே இரண்டே இரண்டு. உடம்பெல்லாம் கறுத்து, தலையில் சிவப்புக் கொண்டையோடு பெரிதாக இருந்தால் அந்தமான் கரும் மரங்கொத்தி. கொண்டைச் சிவப்பு நெற்றியிலிருந்தே தொடங்கினால் ஆண், பின்னந்தலையில் மட்டும் என்றால் பெண். கறுப்பு வெள்ளைப் பட்டையோடு சின்னதாக இருந்தால் மற்றது. மூன்றாவது கிடையாது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். சுற்றுலாதான் நோக்கம், பறவை இரண்டாம்பட்சம். சிடியா டாப்பில் காலையில் நடந்துகொண்டிருந்தோம். அரை மணி நேரம் பேசாமல் வந்தவர் சட்டென்று நின்றார்.

"தம்பி, வந்ததுல இருந்து பார்க்கேன், குக்குறுவான் சத்தமே இல்லையே. இவ்வளவு பெரிய காட்டுல எப்படி?"

"இந்தத் தீவுகள்லயே கிடையாது சார். குக்குறுவானும் இல்ல, தவிட்டுக்குருவியும் இல்ல."

"ஏன், பறந்து வரக் கூடாதோ?"

"நடுவுல கடல் சார். தவிட்டுக்குருவி ஒரு புதர்லேருந்து அடுத்த புதருக்குப் போகவே யோசிக்கும்."

சிரித்தார். அன்று முழுக்க அவர் என்னிடம் கேட்டதெல்லாம் எது இல்லை என்பதுதான். கழுகு இருக்கிறது, பிணந்தின்னிக் கழுகு இல்லை. நூறு அடி மரங்கள் நிற்கின்றன, நார்கொண்டாம் தீவைத் தவிர வேறெங்கும் அதில் இருவாச்சி இல்லை. ரோஸ் தீவில் மயில் அகவுகிறது, ஆனால் அது மனிதன் கொண்டுவந்து விட்டது. மைனாவும் சிட்டுக்குருவியும் கௌதாரியும் அப்படித்தான் வந்தவை. வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த பைனாகுலரோடு வந்தவர்களில்கூட இப்படிக் கேட்டவர்கள் குறைவு. தீவுப் பறவையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. யார் வந்து சேரவில்லை என்று தெரிந்தால், வந்தவர்கள் ஏன் இப்படி மாறினார்கள் என்பது தெரியும். எங்கள் செண்பகத்தைப் பாருங்கள். ஊரில் கருகருவென்று இருக்கிற பறவை இங்கே வெளிறிய பழுப்பு உடம்போடு, செம்பழுப்பு இறக்கையோடு புதருக்குள் நகர்கிறது. முதல்முறை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏதோ நோய் வந்த செண்பகம் என்றே நினைப்பார்கள்.

வகை குறைவு என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. இரண்டு பாம்புக் கழுகுகள் இருக்கின்றன. ஒன்று கடற்கரையோரம், அலையாத்திக் காடு, வயல்வெளி என்று திறந்த இடங்களில் வட்டமிடும், கொஞ்சம் வெளிறிய நிறம். இன்னொன்று உள்காட்டுக்காரன், அடர்ந்த பழுப்பு. உச்சி வெயிலில், தலைக்கு மேலே கரிய நிழலாகப் போகும்போது நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். நான் முதலில் பார்ப்பது கழுகை அல்ல, அதற்குக் கீழே இருப்பதை. அலையாத்தியா, உயர்ந்த காடா? அதை வைத்து ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு, பிறகுதான் கண்ணாடியைத் தூக்குவேன். கரிச்சான்களிலும் இதே கதைதான். துடுப்பு வால் உள்ளது ஒன்று, அந்தமானுக்கே உரியது மற்றது. துடுப்புகள் உதிர்ந்துபோன காலத்தில் அலகின் பருமனையும் நெற்றிக் கொண்டையையும் பார்க்க வேண்டும்.

இதனால்தான் யாராவது எனக்குப் படம் அனுப்பி "இது என்ன?" என்று கேட்டால், நான் பதிலுக்கு முதலில் கேட்பது: எங்கே நின்று எடுத்தீர்கள்? எத்தனை மணிக்கு? இந்த இரண்டையும் சொல்லாமல் படத்தை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. திமிர் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மணி என்றதும் இன்னொன்று. நாங்கள் இந்திய நேரத்தில் வாழ்கிறோம், ஆனால் எங்கள் சூரியன் பர்மாக்காரன் சூரியன். கோடையில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஹோட்டலில் இலவசமாகக் கொடுக்கும் காலை உணவை முடித்துவிட்டுப் புறப்படலாம் என்கிறவர்களை நான் ஏற்றிக்கொள்வதில்லை. அவர்கள் இட்லி சாப்பிடும் நேரத்தில் பறவைகள் பாதி வேலையை முடித்திருக்கும்.

2005-இல் பமீலா ராஸ்முஸனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகளுக்கு எழுதிய புத்தகம் வந்தது. இரண்டு தொகுதி. ஒன்றில் படம், ஒன்றில் விவரம். அதுவரை ஏதோ ஒன்றின் கிளை என்று கிடந்த எங்கள் பறவைகள் பலவும் அதில் தனி இனமாக நின்றன. காட்டில் எதுவும் மாறவில்லை. அதே ஆந்தை, அதே மரம், அதே சத்தம். ஆனால் அடுத்த சில வருடங்களில் வந்திறங்கிய கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்துப் பறவை இனங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், முன்பெல்லாம் காஜிரங்காவோடும் பரத்பூரோடும் திரும்பிப் போனவர்கள், மூன்று இரவுக்கு இங்கே வரத் தொடங்கினார்கள். கோலாலம்பூரிலோ பாலியிலோ கிடைக்காத பெயர்கள் இங்கே கிடைத்தன. டிரைவர் கூலி வாங்கிக்கொண்டிருந்த எங்களில் நாலைந்து பேருக்கு முதல்முறையாக வழிகாட்டிக் கூலி கிடைத்தது. புத்தகம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்று தெரியாது. அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் கூரை மாற்றியது.

அவர்கள் அதிகம் கேட்டது ஆந்தைகளைத்தான். தீவின் அளவுக்கு ஆந்தை வகை இங்கே அதிகம். வேட்டை ஆந்தையில் ஹியூமின் பெயர் கொண்டது உடம்பு முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம், கோடே இருக்காது. அந்தமான் வேட்டை ஆந்தை அதைவிடச் சின்னது, நெஞ்சில் செம்பழுப்புக் கோடுகள். குளிர்காலத்தில் மெயின்லேண்டு வேட்டை ஆந்தையும் வந்து சேர்ந்து குழப்பும். சிற்றாந்தை இரண்டு வகை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தமான் கூகை. ஒரு காலத்தில் சாதாரணக் கூகை என்றே அதை நினைத்திருந்தார்கள்.

இரவில் நிறம் உதவாது. டார்ச்சு வெளிச்சத்தில் எல்லாப் பழுப்பும் ஒன்றுதான். காதுதான் கண். நான் செய்வது இதுதான்: வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு, எல்லாரையும் இறங்கச் சொல்லி, கதவைச் சாத்தாமல் விடச் சொல்வேன். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பத்து நிமிடம் எதுவும் கூப்பிடாது. பிறகு நிற்பது. தவளைச் சத்தம், பூச்சிச் சத்தம், தூரத்தில் கடல். கொஞ்ச நேரத்தில் ஒரு 'ஊ-உக்', இடைவெளி, மறுபடி 'ஊ-உக்'. அது ஹியூமினுடையது. கரகரத்த ஒற்றைக் குரல் வந்தால் மற்றது. திசையைக் கையால் காட்டுவேன், வாயால் அல்ல. இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, கிளையின் ஓரமாக, பறவைக்கு மேலே வெளிச்சம் போகிற மாதிரி டார்ச்சைப் பிடித்து, மெல்ல இறக்குவேன். நேராக முகத்தில் அடிப்பவனோடு நான் இரண்டாம் தடவை வேலை செய்ததில்லை.

சத்தத்தைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் கூப்பிடும் பழக்கம் முதலில் கேசட்டில்தான் வந்தது. டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேட்டரி தீர்ந்து, நாடா சிக்கி, ராத்திரியில் இரண்டு தரம் போட்டால் பெரிது. அதனால் பறவைக்கும் பெரிய தொந்தரவில்லை. பிறகு கைக்குள் அடங்கும் ஸ்பீக்கர் வந்தது. சிடியா டாப்பு சாலையில் சீசன் நேரத்தில் ஒரே வளைவில் மூன்று நான்கு வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர். தன் எல்லைக்குள் இன்னொருவன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து அந்த ஆந்தை இரை தேடுவதை விட்டுவிட்டு விடிய விடியச் சண்டைக்கு ஆள் தேடும். அந்தமான் கானாங்கோழிக்கும் இதே கதிதான். சாலையோர ஈரப் புதருக்குள் செக்கச் சிவந்த உடம்போடு, பச்சை அலகோடு ஒளிந்து நடக்கும் பறவை. அதைச் சாலைக்கு நடுவே வரவழைத்துப் படம் எடுக்கிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நாங்கள் சில வழிகாட்டிகள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரே இடத்தில் ஒரு ராத்திரியில் ஒருவர் போட்டால் மற்றவர் போடக் கூடாது. பிப்ரவரிக்குப் பிறகு, கூடு கட்டும் காலத்தில், போடவே கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. மீறுகிறவர்களும் உண்டு. வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸுக்கு முன்னால் தேநீர்க் கடைத் தீர்மானம் பல தடவை தோற்றிருக்கிறது. ஆனால் இன்றும் என் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் சாவி போடுவேன்.

2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லாமல் இங்கே எதையும் சொல்ல முடியாது. அலையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அலையைவிட எங்கள் தொழிலை மாற்றியது நிலம் அசைந்தது. தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்தது. வடக்கில் நேர்மாறாக நிலம் தூக்கிக்கொண்டது, பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தன. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் நெல் வயல்கள் இருந்தன, தென்னந்தோப்புகள் இருந்தன, வீடுகள் இருந்தன. அன்றைக்கு ஏறிய கடல் அங்கிருந்து இறங்கவே இல்லை. நாளுக்கு இரண்டு தரம் ஏற்றமும் வற்றமும் வயலுக்குள் நடக்க ஆரம்பித்தது. தென்னைகள் நின்றபடியே பட்டன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வரப்பு இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று நெல் மூட்டையைத் தூக்கியது.

அந்த உப்புத் தண்ணீருக்குப் பறவைகள் வந்தன. முதலில் கொக்கு, நாரை. பிறகு குளிர்காலத்தில் உள்ளான்கள், பொன்னிற உப்புக்கொத்திகள். அப்புறம் அந்தமான் கிளுவை. அதற்கு முன்னால் அந்தக் கிளுவையைக் காட்டுவது எனக்குப் பெரிய தலைவலி. படகெடுத்து, ஓடைக்குள் போய், அலையாத்தி வேருக்குள் தேட வேண்டும், பல நாள் வெறுங்கைதான். சிப்பிகாட்டில் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினால் பட்ட தென்னை மொட்டைமேல் உட்கார்ந்திருந்தது. வாத்து மரத்தில் உட்காருமா என்று கேட்பார்கள். இது உட்காரும், மரப்பொந்தில்தான் முட்டையும் இடும். பழுப்பு உடம்பு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். சிலவற்றுக்கு அந்த வெள்ளை முகம் முழுக்கப் பரவியிருக்கும். ஏற்றம் நிறைந்திருக்கும்போது மொட்டைகளிலும் வரப்புத் துண்டுகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வற்றம் தொடங்கியதும் ஒவ்வொன்றாகச் சேற்றில் இறங்கி அலகால் சலித்துக்கொண்டே நடக்கும். காலை ஏழு மணிக்கு ஏற்றம் இருக்கும் நாளாகப் பார்த்து அழைத்துப்போனால் பைனாகுலர்கூட வேண்டாம்.

ஒருவன் வயல் போய்த்தான் என் வாடிக்கையாளருக்கு வாத்து கிடைத்தது. இதை நான் மறைக்கிறதில்லை. வருகிறவர்களிடம் இது நெல்வயல் என்று சொல்லித்தான் காட்டுவேன். இப்போது அந்த இடத்தில் அங்கங்கே மண் கொட்டி மேடாக்குகிறார்கள், வீடு எழும்புகிறது. நிலம் இழந்தவர்களுக்கு நிலம் வேண்டாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் கிளுவைகள் குறைந்த மூலையைக் காட்டச் சொன்னால் கையைக் காட்டுவேன், அங்கே செம்மண் கிடக்கும்.

உழவாரன்கள் பற்றிக் கொஞ்சம். போர்ட் பிளேரில் பழைய கட்டடங்களின் தாழ்வாரத்தில் வெள்ளை வயிற்றோடு சின்ன உழவாரன்கள் கூடு கட்டியிருக்கும். பாசியும் நாரும் எச்சிலும் சேர்த்த கூடு, அதற்கு விலை இல்லை. இன்னொன்று, மங்கிய பழுப்பு நிறம், குகைக்குள் சுத்தமான எச்சிலாலேயே வெள்ளைக் கூடு கட்டும். அதைச் சூப் வைத்துக் குடிக்கக் கிழக்காசியாவில் கொள்ளைப் பணம் கொடுப்பார்கள். அதனால் பாராடாங்கிலும் வடக்கு அந்தமானில் சாலிஸ் ஏக் என்னும் இடத்திலும் குகைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள், முட்டையோடும் குஞ்சோடும். கோயம்புத்தூர் ஆனைகட்டியில் இருக்கும் சாலிம் அலி மையத்திலிருந்து வந்த ரவி சங்கரன்தான் அதைக் குகை குகையாகக் கணக்கெடுத்தவர். தடை மட்டும் போட்டால் காவலுக்கு ஆள் கிடைக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. கூடு திருடியவர்களையே குகைக்குக் காவல் வைத்தார். குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்து முறையாக விற்று, அந்தப் பணம் அவர்களுக்கே போக வேண்டும் என்று வாதாடினார். வெள்ளை வயிற்று உழவாரன் கூட்டில் இதன் முட்டையை வைத்து, வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் முயற்சியும் நடந்தது. 2009 ஜனவரியில் அவர் காலமானார். இன்னும் பல வருடம் இருந்திருக்க வேண்டிய மனிதர். பறவை பார்க்கிறவர்கள் பெயர்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனிதர் கூடு திருடுகிறவனின் அடுப்பைப் பற்றி யோசித்தார். என் கணக்கில் இந்தத் தீவுகளில் பறவைக்காக உழைத்தவர்களில் முதல் இடம் அவருக்குத்தான்.

பாராடாங் போகும் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளைச் சேர்த்துக் கான்வாயாக அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தமானிலேயே நல்ல காடு அதுதான், ஒரு பறவைகூட நின்று பார்க்க முடியாது. அதுதான் சரி. "ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே, மரங்கொத்தி" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. நிறுத்தியதில்லை. மரங்கொத்தியை மவுண்ட் ஹேரியட்டில் காட்டலாம். சாத்தமிலிருந்து படகில் வண்டியோடு ஏறி பேம்பூ ஃபிளாட்டில் இறங்கினால் மலைச்சாலை. அங்கே பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் புள்ளிமான் கூட்டம் உள்ள காடுகளில் கீழே பாருங்கள், வாய் எட்டும் உயரம் வரை இளஞ்செடியே இருக்காது. மானும் பிரிட்டிஷார் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. தரையில் வாழும் பறவைக்கு ஒளிய இடம் இல்லாமல் போனதற்குத் துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை.

நார்கொண்டாமுக்கு நான் யாரையும் அழைத்துப்போனதில்லை. அனுமதி கிடைப்பது அரிது, படகுப் பயணம் நீளம். கடலுக்கு நடுவே ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத எரிமலைத் தீவு. அதில் மட்டும் வாழ்கிற இருவாச்சி, ஏறத்தாழ ஆயிரம் இருக்கலாம் என்று சில வருடங்களுக்கு முன் எடுத்த கணக்கு சொல்கிறது. 1969-இல் அங்கே போலீஸ் சாவடி வந்தது. சாவடிக்காரர்கள் சாப்பாட்டுக்கு விட்ட ஆடுகள் பெருகி மரக்கன்றுகளைத் தின்றன. பிறகு ஆடுகளைப் பிடித்து அகற்றினார்கள். அங்கே ராடார் வைக்க வேண்டும் என்ற திட்டத்தை 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, பிறகு வேறு காலத்தில் இசைந்தது. போய்விட்டு வந்த ஆராய்ச்சிக்காரர்களை வண்டியில் ஏற்றிவரும்போது அவர்கள் சொல்லக் கேட்டதுதான் என் நார்கொண்டாம். பார்க்காமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்க வேண்டும் என்கிற கட்டாயம் எங்கிருந்து வந்தது?

இப்போது வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இருபது வயதில் நீளமான லென்ஸ் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு அபூர்வப் பறவையைப் பார்த்தோம் என்று எழுதினால் நம்புவதும் நம்பாததும் எழுதியவனின் பெயரைப் பொறுத்தது. இன்று படம் இருந்தால் போதும். இறகின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து வயதைக்கூடச் சொல்கிறார்கள். என் கண்ணால் அது ஆகாது, அவர்களிடம் நானும் கற்கிறேன். போனில் சத்தத்தைப் பிடித்துப் பெயர் சொல்லும் செயலிகளும் நல்லவைதான், மெயின்லேண்டில். இங்கே தப்புப் பெயரை அடித்துச் சொல்லும். சோலைபாடியின் தீவுக் குரலை அது வேறு எதுவாகவோ கேட்கும். தீவுப் பறவை தனியாக வாழ்ந்து தனியாகப் பாடக் கற்றது, போனுக்கு அது போய்ச் சேர நாளாகும்.

எனக்கு அவர்களிடம் ஒரு குறை உண்டு. படம் எடுத்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். எந்த மரம், என்ன தின்றது, பக்கத்தில் யார் இருந்தது, எதுவும் இருக்காது. பாராடாங்கில் சாயங்காலம் படகில் கிளித் தீவுக்குப் போவார்கள். அலையாத்தித் திட்டு ஒன்றில் நீள்வால் கிளிகள் அடையும். சூரியன் இறங்கும் நேரத்தில் நாலா பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து விழும். எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து எத்தனை கூட்டம் வருகிறது என்று ஒருவரும் எண்ணுவதில்லை. சாதாரணக் கிளிதானே என்பார்கள். சாதாரணமாக இருப்பது எப்போது குறையத் தொடங்கியது என்று சொல்ல யாரிடமும் எண்ணிக்கை இல்லாத காரணத்தால், குறைந்த பிறகு சண்டை போடவும் முடிவதில்லை.

அதனால்தான் மெகபோடு பற்றி நம்மால் ஏதாவது பேச முடிகிறது, அதை எண்ணிவைத்தவர்கள் இருந்தார்கள். நிக்கோபார் தீவுகளின் கோழி போன்ற பறவை. அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டுக்குள் மணலையும் சருகையும் காலால் வாரி ஆள் உயரத்துக்கு மேடு கட்டும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். மட்குகிற சூட்டில் பொரிந்து வெளியே வரும் குஞ்சு தாயைத் தேடாது, தானே இரை தேடும். மேடு கட்டத் தோதான மண் கரையோரம்தான். ரவி சங்கரன் தொண்ணூறுகளில் அவற்றைக் கணக்கெடுத்தார். சுனாமிக்குப் பிறகு இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் சிவகுமார் போய் மறுபடி எண்ணினார். கடல் கரையைக் கொண்டுபோயிருந்தது, ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது. முதல் கணக்கு இல்லாவிட்டால் இரண்டாவது கணக்குக்குப் பொருளே இல்லை.

கிரேட் நிக்கோபாரில் மெகபோடு மேடுகள் உள்ள காலத்தியா விரிகுடாவில்தான் இப்போது பெரிய துறைமுகம் வரப் போகிறது. 2021 ஜனவரியில் அந்த இடத்தின் சரணாலய அந்தஸ்தை எடுத்தார்கள். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எல்லாமாகச் சேர்ந்து 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. மாற்றாக மென்சால் என்னும் சின்னத் தீவை மெகபோடுக்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். காகிதத்தில் இது சரியாகத்தான் தெரியும்: ஒரு பறவை, ஒரு சரணாலயம். ஆனால் பறவை என்பது அது நிற்கும் இடமும் சேர்த்துத்தான். காலத்தியாக் கரையில் மேடு கட்டுகிற கோழிக்கு மென்சாலின் அரசாணையைப் படித்துக் காட்ட முடியாது. நாட்டுக்குத் துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரும் இல்லை. அந்த மாற்று, மாற்று இல்லை என்று மட்டும் இந்தத் தொழிலில் தலை நரைத்தவனாகச் சொல்ல முடியும்.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதே நாட்களில் விடுமுறைக்கு இங்கே வருகிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஹேவ்லாக்கில் கடலில் குளிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்ட கிளி, மைனா, காக்கை, கொக்கு எல்லாவற்றையும் எண்ணி, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி இ-பேர்டு என்னும் பறவைப் பதிவுத் தளத்தில் போடுங்கள். பெயர் தெரியாததை விட்டுவிடுங்கள். அபூர்வப் பறவைகளைப் பார்க்க ஆள் இருக்கிறது. மைனாவை எண்ணத்தான் ஆள் இல்லை.